தரங்கம்பாடியில் ஒரு வாசகர்



நம் சபையாரிடமிருந்து இரண்டு கேள்விகள் அடிக்கடி என்னிடம் வருகின்றன. "பாஸ்டர், வேதத்தைத் தவிர வேறு புத்தகங்களை விசுவாசி வாசிக்கலாமா? அதிலும் பிற சமயத்தாருடைய நூல்களை வாசிக்கலாமா?" என்பது ஒன்று. மற்றொன்று கேள்வியாக அல்ல, பெருமூச்சாகவே வருகிறது: "வாசிக்க எங்கே நேரம்?" காலையில் கோவிலம்பாக்கத்திலிருந்து துரைப்பாக்கத்துக்கோ கிண்டிக்கோ புறப்பட்டுப் போய், இரவு இருநூறடிச் சாலையின் நெரிசலில் ஊர்ந்து வீடு திரும்புகிறவர்களின் பெருமூச்சு அது. அதை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன்.

இவ்விரண்டையும் நான் நினைக்கும்போதெல்லாம் ஒரு மனிதர் நினைவுக்கு வருகிறார். நாம் அவரை அறிவோம். தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டுத் தந்தவர் என்று ஞாயிறு பள்ளியிலேயே கற்றிருக்கிறோம். பர்த்தலோமேயு சீகன்பால்கு. அவருடைய மொழிபெயர்ப்பைக் குறித்தும் அச்சுக்கூடத்தைக் குறித்தும் பேசாத மிஷனெரி ஞாயிறு இல்லை. ஆனால் அவர் எப்படிப்பட்ட வாசகர் என்பதைப் பேசுகிறவர்கள் குறைவு. அவர் செய்த மற்ற யாவும் அந்த வாசிப்பிலிருந்தே முளைத்தவை என்பது என் எண்ணம். எனவே இந்த வாரம் உங்களைக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரி, சிதம்பரம், சீர்காழி எல்லாம் தாண்டி, தரங்கம்பாடிக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் தேதி. டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக் அனுப்பிய இரண்டு ஜெர்மானிய இளைஞர்கள், சீகன்பால்குவும் ஹென்ரிக் புளுட்சோவும், "சோபியா ஹெட்விக்" என்னும் கப்பலில் ஏழு மாதத்துக்கு மேல் பயணம் செய்து தரங்கம்பாடியை அடைந்தார்கள். கடற்கரையில் 1620இல் டேனியர் கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டை நின்றது. அங்கிருந்த டேனிய அதிகாரிகள் இவர்களை விருப்பத்தோடு வரவேற்கவில்லை. தமிழில் ஒரு சொல்லும் இவர்களுக்குத் தெரியாது. கடலோர வணிகத்துக்குப் பயன்பட்ட போர்த்துக்கீசிய மொழியையாவது முதலில் கற்போம் என்று தொடங்கினார்கள்.

வந்த புதிதில் நடந்த ஒரு செய்தியை அவர்களுடைய கடிதமே நமக்குச் சொல்கிறது. ஊருக்கு வெளியே ஒரு கோவிலருகே போனபோது, அங்கு வைக்கப்பட்டிருந்த உருவங்கள் சிலவற்றைத் தள்ளி வீழ்த்தி, வேறு சிலவற்றின் தலைகளை உடைத்தார்கள். இவற்றுக்கு ஒரு வல்லமையும் இல்லை என்று மக்களுக்குக் காட்டுவதே நோக்கமாம். அங்கிருந்த உள்ளூர் அறிஞர் ஒருவர் மறுமொழி சொன்னார்: இவை கடவுளர்கள் அல்ல, கடவுளின் காவல் வீரர்கள்.

பிரியமானவர்களே, இந்தச் செய்தியை மறைத்துவிட்டுச் சரித்திரம் சொல்வது எளிது. நான் மறைக்க விரும்பவில்லை. அயலாருடைய வழிபாட்டுப் பொருளில் கைவைத்தது தவறு. அதற்கு நாம் சாக்குத் தேட வேண்டியதில்லை. ஆனால் இன்னொன்றையும் கவனியுங்கள். எதை உடைக்கிறோம் என்பதே அந்த இளைஞருக்கு அன்று தெரிந்திருக்கவில்லை. எதிரே நின்ற மனிதருக்கு அவருடைய நம்பிக்கையைக் குறித்துத் தெளிவாகப் பேசத் தெரிந்திருந்தது. வந்தவருக்கோ கேட்கத் தெரியவில்லை. அந்த மறுமொழியையும் அவர்கள் விடாமல் எழுதி அனுப்பினார்கள் என்பது எனக்கு ஆறுதல் தரும் ஒரு சிறு விவரம்.

அதன்பின் நடந்ததுதான் நம் பொருள். ஒரு முதிய தமிழாசிரியரை வேண்டிக்கொண்டு, அவர் தம் திண்ணைப் பள்ளியை மிஷனெரிகளின் வீட்டிலேயே நடத்தும்படி செய்தார்கள். பிள்ளைகளோடு பிள்ளைகளாய்த் தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதக் கற்றார்கள். பல்கலைக்கழகத்தில் எபிரெயமும் கிரேக்கமும் கற்றவர்கள் ஐந்து வயதுப் பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து, அந்தப் பிள்ளையைப் பார்த்து எழுத்தின் சுழியைத் திருத்திக்கொண்டார்கள். ஆசிரியர் எழுத்தைக் கற்றுத் தந்தார். பொருளைச் சொல்ல அவருக்கு இவர்களுடைய மொழி தெரியாது. பொருள் சொல்ல அழகப்பன் என்னும் துபாஷி வந்தார். ஐரோப்பிய மொழிகள் பலவற்றை அறிந்தவர் அவர். மிஷனெரிகளோடு சேர்ந்ததன் பொருட்டுப் பின்னாளில் அவர் பட்ட பாடுகள் தனிக் கதை. அவருடைய பெயர் நம் சபைச் சரித்திரங்களில் அடிக்குறிப்பாகவே நின்றுவிட்டது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

இனி அவருடைய நாள் எப்படிக் கழிந்தது என்று பாருங்கள். சீகன்பால்கு தம் கடிதமொன்றில் தம் அன்றாட ஒழுங்கை மணிக்கணக்காக எழுதியிருக்கிறார். காலை 7 மணி முதல் 8 மணி வரை, முன்பு கற்ற சொற்களையும் தொடர்களையும் திரும்பச் சொல்லிப் பார்ப்பது. 8 மணி முதல் 12 மணி வரை, அதற்குமுன் வாசித்திராத தமிழ் நூல்களை மட்டும் வாசிப்பது. அப்போது ஒரு முதிய புலவரும் ஓர் எழுத்தரும் அருகில் இருப்பார்கள். புலவர் கடினமான இடங்களை விளக்குவார். எழுத்தர் புதிய சொற்களைக் குறித்துக்கொள்வார். நண்பகலில் உணவருந்தும்போதும் ஒருவர் நூலை வாசித்துக் காட்டுவார். சிறிது ஓய்வு, பின்பு பிள்ளைகளுக்கு ஞானோபதேசம். மாலை 3 மணி முதல் 5 மணி வரை மீண்டும் தமிழ் நூல்கள். இரவில், தமக்கு விளக்கொளியில் கண்ணைச் செலுத்தி வாசிப்பது கடினமானதால், மற்றொருவர் வாசிக்கக் கேட்பது. அந்த இரவு வாசிப்புக்கு, தாம் பேசவும் எழுதவும் பின்பற்றத்தக்க நடையுடைய ஆசிரியர்களையே தெரிந்துகொண்டார். சில நூல்களைத் தமக்கு நூறு தடவைவரை வாசிக்கச் செய்து, அதில் அறியாத சொல் ஒன்றும் மிஞ்சாதபடி பார்த்துக்கொண்டதாகவும் எழுதுகிறார்.

நூறு தடவை! நாம் ஒரு புத்தகத்தை இரண்டாம் முறை எடுத்தால், "இதைத்தான் படித்தாயிற்றே" என்று வீட்டில் கேட்பார்கள்.

அவர் வாசித்தது நம் கையிலிருப்பது போன்ற அச்சுப் புத்தகமும் அல்ல, பனையோலை. எழுத்தாணியால் கீறிய அக்காலச் சுவடிகளில் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது. பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எகரமும் ஏகாரமும் ஒரே வடிவம். ஒகரமும் ஓகாரமும் அப்படியே. எது எங்கே முடிகிறது என்பதை வாசிக்கிறவரே பிரித்துக்கொள்ள வேண்டும். வாய்விட்டு வாசித்தாலொழிய அதில் பொருள் பிடிபடாது. நம் வேதாகமத்தின் எழுத்து சிறியதாயிருக்கிறது என்று குறைசொல்லும் நாம் (என்னையும் சேர்த்தே சொல்கிறேன், கண்ணாடி மாற்றி இரண்டு வருடமாகிறது) அந்த ஓலைகளை ஒருமுறை பார்த்தால் போதும்.

அந்த முதிய புலவர் அருகில் அமர்ந்திருந்ததை நினைக்கையில், அப்போஸ்தலர் 8ஆம் அதிகாரத்து எத்தியோப்பிய மந்திரி என் மனக்கண்ணில் தோன்றுகிறார். வண்டியில் அமர்ந்து ஏசாயாவை அவர் வாசித்துக்கொண்டிருந்ததை வெளியே நடந்து வந்த பிலிப்பு கேட்க முடிந்தது. ஏனென்றால் வாய்விட்டு வாசித்தார். உமக்கு விளங்குகிறதா என்று பிலிப்பு கேட்டபோது, ஒருவர் வழிகாட்டாவிட்டால் எப்படி விளங்கும் என்று அந்த உயர் அதிகாரி கூசாமல் கேட்டார். பிலிப்புவைத் தம் அருகே ஏறி உட்காரவும் சொன்னார். சீகன்பால்குவின் வீட்டில் இருக்கைகள் மட்டும் இடம் மாறின. அங்கே பிலிப்புவின் இடத்தில் அமர்ந்து வழிகாட்டியவர் கிறிஸ்தவர் அல்லாத ஒரு தமிழ்ப் புலவர். சுவிசேஷம் சொல்ல வந்தவர் மந்திரியின் இடத்தில் உட்கார்ந்து, "இது என்ன?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

நூல்களை அவர் எப்படிச் சேர்த்தார் என்பதும் சுவையானது. ஓலைகள் கடையில் கிடைப்பவை அல்ல. உடையவர்கள் எளிதில் கைவிடுவதும் இல்லை. எனவே தம் எழுத்தர்களை ஊர்களுக்கு அனுப்பி, இறந்துபோன பிராமணர்களின் விதவைகளிடமிருந்து சுவடிகளை விலைக்கு வாங்கச் செய்தார். மற்றவற்றைக் கூலி கொடுத்துப் படியெடுத்தார். விதவைகள் குறைந்த விலைக்குக் கொடுத்துவிடுகிறார்கள் என்று அவர் எழுதுவதைப் படிக்கையில், கணவனை இழந்த அந்த வீட்டின் நிலையும் நம் கண்முன் வரத்தான் செய்கிறது. இப்படித் திரட்டியவற்றுக்கு 1708ஆம் ஆண்டிலேயே, வந்து இரண்டு ஆண்டு முடிந்த நிலையில், ஒரு பட்டியல் எழுதினார். "பிப்லியோதெக்கா மலபாரிக்கா" என்பது அதன் பெயர். (தமிழை அக்காலத்து ஐரோப்பியர் மலபார் மொழி என்றே அழைத்தனர்.) அதில் தமிழரின் நூல்கள் மட்டும் 119. திருக்குறள் அதில் இருக்கிறது, தொல்காப்பியம் இருக்கிறது, பிள்ளைகள் பள்ளியில் ஓதும் நீதி நூல்களும் இருக்கின்றன. கத்தோலிக்க குருமார் தமிழில் எழுதிய நூல்களையும் வாங்கிக் கருத்தாய் வாசித்துப் பட்டியலில் சேர்த்தார். லுத்தரன் சபையாருக்கும் ரோமச் சபையாருக்கும் இடையே இணக்கமில்லாத காலம் அது. ஆயினும் கிறிஸ்தவ உபதேசத்தைத் தமிழில் சொல்ல நூறு ஆண்டுக்கும் மேலாக உழைத்தவர்களை வாசிக்காமல் தாம் புதிதாய்த் தொடங்க முடியாது என்பதை அவர் அறிந்திருந்தார். 1578இலேயே கொல்லத்தில் ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் பாதிரியாரின் "தம்பிரான் வணக்கம்" தமிழெழுத்தில் அச்சேறியிருந்ததை நீங்கள் அறிந்திருப்பீர்கள்.

அந்தப் பட்டியலின் முன்னுரையில்தான் நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் செய்தி இருக்கிறது. அதன் சாரம் இது. நான் முதலில் இம்மக்களிடையே வந்தபோது, இவர்கள் மொழிக்கு ஓர் ஒழுங்கான இலக்கணம் இருக்கும் என்றோ, இவர்கள் வாழ்வுக்கு ஓர் ஒழுக்கநெறி இருக்கும் என்றோ எண்ணவில்லை. இவர்கள் கல்வியற்றவர்கள் என்று ஐரோப்பாவில் எண்ணுகிறவர்களை நான் குறைசொல்லவும் மாட்டேன், ஏனெனில் நானும் அப்படியே எண்ணினேன். மொழி சிறிது கைவந்து, இவர்களுடைய நூல்களை வாசித்தபின் அந்த எண்ணம் மாறியது. அதே 1708இல் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றை ஜெர்மன் மொழியில் பெயர்த்து அனுப்பினார். கோவிலருகே தலைகளை உடைத்த கைகளும் கொன்றைவேந்தனைப் பெயர்த்த கைகளும் ஒருவருடையவையே. இடையில் கழிந்தது இரண்டு ஆண்டு வாசிப்பு.

இங்கே சிலர் அஞ்சக்கூடும்: பிற நூல்களை வாசித்ததால் அவருடைய விசுவாசம் தளர்ந்ததா? இல்லை. அவர் இறுதிவரை சுவிசேஷகராகவே இருந்தார். தமக்கு ஒவ்வாதவற்றை மறுத்தும் எழுதினார். ஆனால் மறுக்கும் முறை மாறியது. தாமே ஊகித்து மறுப்பதை விட்டு, தமிழர்களுக்குக் கடிதம் எழுதி, அவர்கள் எழுதிய விடைகளை ஜெர்மனுக்குப் பெயர்த்து, ஹாலே நகரில் அச்சிடும்படி அனுப்பினார். எதிர்த் தரப்பாரைத் தம் சொந்த வார்த்தைகளில் பேசவிட்டார். வாட்ஸப்பில் வரும் ஒரு பத்தியை வைத்து ஒரு சமயத்தாரையே எடைபோடும் பழக்கம் நம்மிடையே வளர்ந்திருப்பதைக் காண்கையில், இதை உங்களுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பவுல் அத்தேனே பட்டணத்தில் செய்ததும் இதற்குத் தூரமானதல்ல. அவர் அந்த நகரத்தைச் சுற்றிப் பார்த்தார். பலிபீடத்தின் மேல் எழுதியிருந்ததை வாசித்தார். மார்ஸ் மேடையில் பேசுகையில் அவர்களுடைய புலவர்களின் சொல்லையே எடுத்தாண்டார். அந்தப் புலவர்களை வாசிக்காமலோ கேட்காமலோ அது எப்படிக் கூடும்? அதே பவுல் வாழ்வின் இறுதியில், சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, துரோவாவில் விட்டுவந்த மேலங்கியோடு புத்தகங்களையும், முக்கியமாகத் தோற்சுருள்களையும் கொண்டுவரச் சொல்கிறார். தம் ஓட்டம் முடிந்துவிட்டது என்று எழுதிய அதே அதிகாரத்தில், சில வசனங்களுக்குப் பின், இந்த வேண்டுகோள் வருகிறது. முதல் கேள்விக்கு என் பதில் இவ்வளவே.

சீகன்பால்குவின் வாசிப்பை எல்லாரும் மெச்சவில்லை. 1713இல் "மலபார் தெய்வங்களின் வமிசாவளி" என்னும் பெரிய நூலை எழுதி ஹாலேவுக்கு அனுப்பினார். தென்னாட்டுத் தெய்வங்கள், வழிபாடுகள், திருவிழாக்கள், அவற்றைக் கூறும் நூல்கள் என யாவற்றையும் தாம் வாசித்தும் கேட்டும் அறிந்தபடி தொகுத்த நூல் அது. ஹாலேயில் மிஷனுக்குப் பெருந்துணையாயிருந்த ஆகஸ்ட் ஹெர்மான் பிராங்கே அதை அச்சிட இசையவில்லை. மிஷனெரிகளை அனுப்பியது அஞ்ஞானத்தை வேரறுக்கவே. அதை ஐரோப்பாவில் பரப்புவதற்கு அல்ல என்பது அவருடைய கருத்து. பிராங்கே சாதாரண மனிதர் அல்ல. அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லமும் ஏழைகளுக்குப் பள்ளிகளும் நிறுவிய பெரியவர். தமிழ் அச்செழுத்துகள் வந்ததும் அவருடைய ஊரிலிருந்துதான். ஆயினும் இந்த ஒன்றில் அவர் கணிப்புப் பிழையானது என்றே நான் கருதுகிறேன். தூரத்தில் இருந்தவருக்கு அது அஞ்ஞானத்தின் பட்டியலாகத் தெரிந்தது. தரங்கம்பாடியில் இருந்தவருக்கோ அது தம் தெருவில் வசிப்பவர்களின் மனம். அந்த நூல் 1867இல்தான் அச்சேறியது. அதுவும் நம் சென்னையில், வில்ஹெல்ம் ஜெர்மான் என்பவரின் முயற்சியால். ஒன்றரை நூற்றாண்டு அது காத்துக்கிடந்தது.

இத்தனை வாசிப்பினால் விளைந்த கனியை நாம் அறிவோம். 1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கினார். அடுத்த மாதமே டேனிய ஆளுநர் அவரைக் கோட்டையில் சிறைவைத்தார். நான்கு மாதம் அடைபட்டுக் கிடந்தார். 1711 மார்ச் 31ஆம் தேதி மொழிபெயர்ப்பு முடிந்தது. லண்டனிலிருந்த எஸ்.பி.சி.கே. சங்கம் அச்சு இயந்திரம் அனுப்பியது. ஹாலேயிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் அளவில் பெரியவையாக இருந்து காகிதத்தை விழுங்கியதால், தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714இலும், எஞ்சிய பகுதி 1715இலும் வெளிவந்தன. காகிதத் தட்டுப்பாட்டைத் தீர்க்கப் பொறையாரில் காகித ஆலையும் தொடங்கினார்கள். 1707இலேயே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்திருந்ததையும் இதனோடு சேர்த்து நினையுங்கள். புத்தகம் வருவதற்கு முன்பே வாசிக்கும் பிள்ளைகளை ஆயத்தப்படுத்தியிருந்தார்கள்.

அந்த மொழிபெயர்ப்பில் குறையில்லை என்று சொல்ல முடியாது. வீரமாமுனிவர் அதன் தமிழைக் கடுமையாகப் பரிகசித்தார். பின்வந்த பப்ரிசியஸ், ரேனியஸ், பவர் ஆகியோர் ஒருவர்பின் ஒருவராக மீண்டும் உழைக்க வேண்டியிருந்தது. நூறு தடவை வாசித்தவருக்கும் தமிழ் முழுவதும் வசப்பட்டுவிடவில்லை. பழைய ஏற்பாட்டில் ரூத் வரை வந்திருந்தார். 1719 பிப்ரவரி 23ஆம் தேதி, 36 வயதில் மரித்தார். முந்தைய ஆண்டு பிரதிஷ்டை செய்யப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள். இன்றும் போய்ப் பார்க்கலாம்.

இனி அந்தப் பெருமூச்சுக்கு வருகிறேன். நேரம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அவருடைய ஒழுங்கில் நமக்கு உதவக்கூடிய ஒன்று இருக்கிறது. அவர் நாளின் பெரும்பகுதி வாசிப்பு தனிமையில் நடக்கவில்லை. உண்ணும்போது ஒருவர் வாசித்தார்; இரவில் ஒருவர் வாசித்தார். நம் வீடுகளில் இதற்குத் தடை என்ன? என் பெரிய கவலை ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். நம் பிள்ளைகளில் பலர் தமிழில் நன்றாகப் பேசுகிறார்கள். ஆராதனையில் திரையில் வரும் பாட்டின் வரிகளை மட்டும் ஆங்கில எழுத்தில் போடச் சொல்கிறார்கள். பாட்டியின் வேதாகமம் அலமாரியில் ஜிப் உறைக்குள் இருக்கிறது. பேரனால் அதைத் திறந்து பாட்டிக்கு ஓர் அதிகாரம் வாசித்துக் காட்ட முடிவதில்லை. ஜெர்மனியிலிருந்து வந்த ஒருவர் மணலில் எழுதிக் கற்ற எழுத்து அது. பிள்ளைகளைக் கடிந்துகொள்ளாதீர்கள், பள்ளியின் சுமை அவர்களுக்குப் போதும். பாட்டியின் பக்கத்தில் உட்கார வையுங்கள். தடுமாறி வாசிக்கட்டும். பாட்டி திருத்துவார்கள். வசனங்கள் அவர்களுக்கு மனப்பாடம்.

பிலேமோன் நிருபத்தில் 25 வசனங்களே உள்ளன. இரவு உணவு ஆறுவதற்குள் அதை முழுவதும் வாசித்துவிடலாம். அதில் ஓர் அடிமையின் வாழ்வு இருக்கிறது, ஓர் எஜமானின் சோதனை இருக்கிறது. கைபேசியில் நாளுக்கு ஒரு வசனம் வருவது நல்லதே. ஆனால் அந்த நிருபத்தின் ஒரு வசனத்தை மட்டும் பார்த்தவருக்கு ஒநேசிமு யாரென்றே தெரியாது. மாற்கு சுவிசேஷத்தை ஒருவர் நிதானமாக வாய்விட்டு வாசித்தால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் முடியும். ஒரு திரைப்படத்தின் நேரம்கூட இல்லை.

மற்ற நூல்களையும் தேடுங்கள். தரமணியில், நமக்கு அருகிலேயே, ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்னும் தனிமனிதர் வாழ்நாள் முழுவதும் சேர்த்த தமிழ் நூல்களைக் கொண்டு, அவருடைய மறைவுக்குப்பின் 1994இல் உருவானது அது. கல்லூரியில் படிக்கும் நம் வாலிபர்கள் ஒருமுறையாவது போய்வர வேண்டும். கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிள்ளைகளுக்கென்றே தனிப் பகுதி உண்டு. விடுமுறை நாளில் வணிக வளாகத்துக்குப் போகும் வழியை ஒருமுறை மாற்றிப் பாருங்கள்.

வருகிற சனிக்கிழமை மாலை 5 மணிக்கு நம் ஆலயத்தில் மாற்கு சுவிசேஷத்தை முதல் வசனம் தொடங்கி இறுதிவரை வாசிக்கவிருக்கிறோம். பிரசங்கம் இல்லை; பாட்டு இல்லை; தேநீர் உண்டு. வாசிக்க விரும்பும் பிள்ளைகள் பெயர் கொடுக்கலாம். எழுத்துக்கூட்டி வாசிப்பவர்களுக்கு முதலிடம்.

உங்கள் போதகர்